நாற்பது தகடுகளுக்கு ஓர் எர்த்

அன்று மாலை அந்தக் கிடங்குக்குள் இருந்தவர்கள் எட்டுப் பேர். வெளிச்சச் சுவரைச் செய்த பெண். அதற்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிய கண்ணாடிக்காரர். கிடங்கின் சொந்தக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். காலையில் மீன் விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் கிடங்கைப் பெருக்க வரும் வம்பாகீரப்பாளையத்து அக்கா. சுவரைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர்: பிரான்ஸிலிருந்து ஓர் அம்மாளும் ஓர் ஆளும், சென்னையிலிருந்து ஒரு பெரியவர். எட்டாவது ஆள் நான், எலக்ட்ரீஷியன். வாசலில் காருக்குள் டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

இத்தனை கணக்காகச் சொல்வதற்குக் காரணம், யார் எங்கே நின்றார்கள் என்பதை நான் இன்றும் தினம் ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், நான் ஐந்து நிமிடம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. ஒன்றும் ஆகாது என்று வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் அங்கே இல்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்னத்தாவோடு, அதாவது சித்தப்பாவோடு, கல்யாணப் பந்தல், மாதா கோயில் திருவிழா, தர்காக் கந்தூரி, தேர் என்று சீரியல் செட் கட்டப் போய் வேலை கற்றுக்கொண்டேன். பல்பு எரியணும், அணையணும், ஓடுகிற மாதிரி காட்டணும். எனக்குத் தெரிந்த வெளிச்ச வேலை அவ்வளவுதான். இந்தப் பெண் என்னைத் தேடி வந்து, மனுஷர்கள் தொட்டால் எரிகிற சுவர் ஒன்று கட்டப்போகிறேன் பாய் என்று சொன்னபோது, சுவிட்சு வைத்தால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

"சுவிட்சு இல்ல பாய். சுவரே கைய உணரும்" என்றாள்.

பழைய துறைமுகத்துப் பக்கத்துக் கிடங்கு அது. உள்ளே சுவருக்கு முன்னால் இரண்டடி இடம் விட்டு, பிளைவுட்டில் முப்பதடி நீளத்துக்கு இன்னொரு சுவர் எழுப்பினோம். அதில் உள்ளங்கை அளவில் நாற்பது செப்புத் தகடுகள், முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை. தகடுகளைச் சுற்றிப் பலகையில் ஆயிரக்கணக்கில் ஊசித் துளைகள், துளைகளுக்குப் பின்னால் எல்.இ.டி. பட்டைகள். ஒரு தகட்டின் மேல் கை வைத்தால் அந்த இடத்தில் வெளிச்சம் மெல்ல ஊறும். இன்னொருவர் தள்ளி வேறு தகட்டில் கை வைத்தால், இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடுகிற மாதிரி வெளிச்சம் நகர்ந்து போய் நடுவில் சேரும். முன்பின் தெரியாத இரண்டு பேர் சுவர் வழியாகத் தொட்டுக்கொள்வது, அதுதான் அவள் செய்ய நினைத்தது. தகட்டிலிருந்து பின்னால் மெல்லிய ஒயர் ஒன்று சென்சாருக்குப் போகும். கை கிட்டே வந்தாலே அந்த சென்சாருக்குத் தெரிந்துவிடும் என்றார் கண்ணாடிக்காரர்.

முதல் தடவை வேலை செய்தது மீன்கார அக்காவின் கைக்குத்தான். கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து சும்மா வைத்தார். வெளிச்சம் மூன்று தகடு தூரத்திலிருந்து அவர் கையை நோக்கி ஓடி வந்தது. சுவரைச் செய்தவள் குழந்தை மாதிரி கைதட்டினாள். "இன்னொரு வாட்டி வைங்கக்கா" என்று ஆறேழு தடவை வைக்கச் சொன்னாள். உப்புக் கை, ஈரக் கை, அதுதான் அதற்கு ரொம்பப் பிடிக்கிறதாம்.

"ஊர்ல எல்லாரும் என் கைய கண்டா மூக்கப் பொத்துவான்" என்றார் அக்கா. "இது ஒண்ணுதான் என்னைப் பாத்து மொகம் மலருது."

எனக்கு அந்த ஈரம்தான் பயமாக இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் தவளக்குப்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசலில் இரும்பு ஆர்ச் நிறுத்தி சீரியல் செட் சுற்றியிருந்தேன். ஆர்ச்சுக்கு எர்த் கொடுக்கவில்லை. அப்போது யாரும் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலம் தூறல் போட்டது. அப்பா தோளில் உட்கார்ந்து வந்த மூன்று வயதுப் பிள்ளை கை நீட்டி ஆர்ச்சைப் பிடித்தது. விட முடியவில்லை. யாரோ பிளாஸ்டிக் நாற்காலியால் ஆர்ச்சைத் தள்ளிவிட்டார்கள். பிள்ளை பிழைத்தது. வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்றுவரை மடங்காது. அந்த அப்பா இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் நல்லா இருக்கீங்களா பாய் என்று கேட்கிறார். ஒரு தடவைகூட அவர் திட்டியதில்லை.

அதற்குப் பிறகு நான் தொடுகிற எந்த இரும்புக்கும் எர்த் இல்லாமல் விட்டதில்லை. கல்யாண மேடைக் கம்பி, ஐஸ்கிரீம் பெட்டி, சாமியானாக் கால், எல்லாவற்றுக்கும். மாவரைக்கிற கிரைண்டருக்கு ரெண்டு எர்த் போட்ட ஆளு ஊரிலேயே நீங்க ஒருத்தர்தான் என்பாள் வீட்டுக்காரி. வெளியூர் போனால் மெயினை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன்.

ஆகவே மனுஷர்கள் வெறுங்கையால் தொடுகிற நாற்பது செப்புத் தகடுகளைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாடிக்காரரிடம் முதல் வாரமே கேட்டேன்.

"அஞ்சு வோல்ட் பாய். நாக்குல வெச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"அஞ்சு வோல்ட் எங்கேர்ந்து வருது?"

"பவர் சப்ளைலேர்ந்து."

"அதுக்கு எங்கேர்ந்து வருது?"

"மெயின்லேர்ந்து."

"அதத்தான் நான் சொல்றேன்."

அவர் சிரித்தார். "பயப்படறதுக்குன்னு நீங்க தனியா ஒரு சம்பளம் வாங்கணும் பாய்." நல்ல மனுஷர், நாள் முழுக்க பிஸ்கட்டும் டீயும்தான் ஆகாரம். அவர் சொன்னது சரி என்று இப்போது தெரியும். அப்போதும் தெரிந்துதான் இருந்தது. தெரிவதும் நிம்மதியும் எனக்கு எப்போதும் சேர்ந்து வந்ததில்லை.

சுவர் செய்த பெண்ணும் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் விதித்திருந்தாள். "தகட்டுக்குப் பின்னாடி போற அந்த மெலிசு ஒயர மட்டும் தொட்டுடாதீங்க பாய். மத்ததெல்லாம் உங்க ராஜ்ஜியம்." சத்தியமாக அந்த ஒயரை நான் தொடவில்லை.

பார்க்க வருகிறவர்கள் யார், அவர்கள் வந்து போவதில் என்ன இருக்கிறது என்பதையும் அவளே சொல்லியிருந்தாள். ஒரு நாள் டீ குடிக்கும்போது, மறைக்காமல், கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவங்களுக்குப் பிடிச்சா பிரான்ஸுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஆறு மாசம் தங்க இடம், வேலை செய்ய இடம். அப்புறம் நானே வழி பாத்துக்குவேன். பிடிக்கலன்னா ஜூன்ல திரும்ப சென்னை. கம்பெனில உக்காந்து சோப்பு விளம்பரத்துக்கு நுரை வரையணும்." வீட்டில் அவள் அம்மா கொடுத்த தவணை இரண்டு வருஷம். அது முடிய ஒரு மாதம்தான் இருந்தது. மூன்று பேரும் ஒரே ஒரு தடவை, ஒரு சாயங்காலம், அரை மணி நேரம் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் நான் போனபோது கிடங்குச் சுவர் ஓதம் ஏறி நிறம் மாறியிருந்தது. பவர் சப்ளைப் பெட்டி ஒன்றின் மேல் நீர் முத்து முத்தாக நின்றது. துடைத்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடியும் துடைத்தேன். முசியே எட்டிப் பார்த்து, "இந்தச் சுவரு எங்க தாத்தா காலத்துலேர்ந்தே அழும் தம்பி, ஆர்மில இருந்தப்ப ஜிபூட்டில எங்க கேம்ப்பு சுவரு இதவிட மோசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு அவளும் கண்ணாடிக்காரரும் ஊருக்கு வந்திறங்கிய அந்த மூன்று பேரோடு சாப்பிட ஓட்டலுக்குக் கிளம்பினார்கள். எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் வேலை செய்தது. "மெயின அணைச்சு வைங்க பாய். நாலரைக்கு வந்து போட்டுக்கலாம்" என்றாள். வழக்கமாக ஜீன்ஸ் போடுகிறவள் அன்று புடவை கட்டியிருந்தாள்.

அவர்கள் போன பிறகு சுவர் முன்னால் நின்றேன். ஓதம் ஏறிய சுவர், அதற்கு முன்னால் நாற்பது செப்புத் தகடு. ஏழு கடல் தாண்டி வந்த அம்மாள் ஒருவர் வந்து கை வைக்கப்போகிறார். என் கண்ணுக்கு வேறு ஒரு கை தெரிந்தது.

கிடங்கின் பின்புறம் எல்.இ.டி.க்களின் மெயினுக்காக நானே முதல் வாரத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி எர்த் போட்டிருந்தேன். நல்ல எர்த். அதிலிருந்து பத்தாம் நம்பர் தடித்த செப்புக் கம்பி இழுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் இருந்த இரண்டடிச் சந்துக்குள் போனேன். தகடு ஒவ்வொன்றின் முதுகிலும், அந்த மெல்லிய ஒயருக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், பெரிய சோல்டரிங் அயர்னால் கம்பியைப் பற்ற வைத்தேன். ஒன்றிலிருந்து அடுத்தது, அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் விட்டேன்.

பாதியில் மீன்கார அக்கா துடைப்பத்தோடு வந்து சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், மாலை கட்றாப்ல கட்டிக்கினு கீற."

"சேஃப்டிக்கு அக்கா."

"அந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"சொல்லல. நல்லதுக்குத்தானே."

"நல்லதுக்குன்னா சரி" என்று பெருக்கப் போனார்.

முடித்துவிட்டு வெளியே வந்து ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. அந்த லேசை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலரைக்கு வர வேண்டியவர்கள் ஐந்து மணிக்கு வந்தார்கள். சாப்பாடு நீண்டுவிட்டது. வந்ததுமே ஐந்தே முக்காலுக்குக் கார் கிளம்ப வேண்டும், சென்னையில் விமானம் என்றார்கள். போட்டுப் பார்க்க நேரமில்லை. கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், மெயினைப் போட்டேன். யாரும் தொடாதபோது இருக்கிற அந்த மங்கல் வெளிச்சம் சுவர் முழுக்க வந்தது. கறுப்புத் துணியை இழுத்து வாசல் வெளிச்சத்தை மறைத்தோம். அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லி, பிரான்ஸ் அம்மாளை முன்னால் வரச் சொன்னாள். அந்த அம்மாள் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஒரு தகட்டில் உள்ளங்கையை வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

சிரித்துக்கொண்டே பக்கத்துத் தகட்டில் வைத்தார். அதிலும் இல்லை. கூட வந்தவர் வைத்தார். சென்னைப் பெரியவர் ஒரு விரலால் தட்டினார், காலிங் பெல் அழுத்துகிற மாதிரி. மங்கல் வெளிச்சம் அப்படியே இருந்தது.

"யூன் மினுத்" என்றாள் அவள், ஒரு நிமிடம் என்று. குரல் மாறவில்லை. கண்ணாடிக்காரர் லேப்டாப்பின் முன்னால் குத்தவைத்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

"எல்லாம் ஒரே நம்பர் காட்டுது" என்று முணுமுணுத்தார். "நாப்பதும் ஒண்ணா, உச்சத்துல போய் நிக்குது. இப்படி வராதே." என்னை நிமிர்ந்து பார்த்தார். "மெயின் ஒழுங்கா இருக்கா பாய்?"

"இருக்கு."

"எர்த்து?"

"எர்த்து நல்லா இருக்கு" என்றேன்.

அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று விளக்கத் தெரியாது. நாற்பதும் ஒண்ணா என்று அவர் சொன்னபோது என் விரல்களுக்குத் தெரிந்தது, கட்டியது அவைதானே. சொல்ல வேண்டும். அவள் அந்த மூன்று பேருக்கும் ஊசித் துளைகளைக் காட்டி, கையால் ஒன்று ஒன்றாகத் துளைத்த கதையைச் சொல்லி நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர்களும் மரியாதைக்காகக் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் எதையோ அணைத்துப் போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார். முசியே, "பழைய ஊட்டுல கரன்ட்டு கொஞ்சம் அப்படித்தான்" என்று யாரும் கேட்காமல் சமாதானம் சொன்னார். நான் கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து இருபது. ஐந்து இருபத்தைந்து.

மீன்கார அக்கா பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மதியம் கட்டினியே மாலை, அத சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"எப்ப? அவங்க ஊருக்குப் போய் லெட்டர் போட்டப்புறமா?"

குனிந்து கண்ணாடிக்காரரின் காதில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன தகட்டுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"சுத்தி விட்டீங்களா, சோல்டரா?"

"சோல்டர்."

"தகட்ட மண்ணோட கட்டிட்டா கை வெச்சாலும் வெக்காட்டாலும் சென்சாருக்கு ஒண்ணுதான். போய் வெட்டுங்க பாய். முதல்ல மண்ணுக்குப் போறத. அப்புறம் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல. எத்தன முடியுதோ அத்தன."

சந்துக்குள் போனேன். இரண்டடி இடம், கையில் கட்டிங் பிளேயர், வாயில் டார்ச். மெல்லிய ஒயராக இருந்தால் நறுக் நறுக்கென்று முடிந்திருக்கும். நான் போட்டது பத்தாம் நம்பர், ஆயுசுக்கும் நிற்கட்டும் என்று. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் வெட்டுப்பட்டது. கை வியர்த்து வழுக்கியது. எண்ணிக்கொண்டே வெட்டினேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, பிரெஞ்சில், இன்னும் நிதானமாக. ஒரு சொல்லும் புரியவில்லை. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் நின்று என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியாது.

இடது கோடியிலிருந்து பதினோரு தகடுகளைப் பிரித்திருப்பேன். "போதும் வாங்க, போடறேன்" என்று கண்ணாடிக்காரர் கூப்பிட்டார்.

மணி ஐந்து நாற்பது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். பிரான்ஸ் அம்மாள் நின்றிருந்தது வலது பக்கம், வாசலுக்குக் கிட்டே. நான் பிரிக்காத இருபத்தொன்பது தகடுகள் அங்கே ஒரே கம்பியில் கிடந்தன. அவர் கை வைத்தார். அந்த இருபத்தொன்பதும் ஒரே சமயத்தில், முழு வெள்ளையில், பளீரென்று எரிந்தன. கையை எடுத்தார், மொத்தமும் அணைந்தது. வைத்தார், எரிந்தது. நகைக்கடை போர்டு மாதிரி. என் சீரியல் செட்டுகூட அதைவிட நன்றாக ஓடும்.

"நல்லா பளிச்சுனு இருக்கும்மா" என்றார் சென்னைப் பெரியவர்.

வந்தவர்கள் சிரித்த முகமாக மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார்கள். அந்த அம்மாள் பையிலிருந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் அவர்களோடு வாசலுக்கு நடந்தாள். அப்போதுதான் இடது கோடியில் அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு தகட்டில் வலது கையையும் எட்டித் தள்ளி இன்னொன்றில் இடது கையையும் வைத்தார். வெளிச்சம் இரண்டு கைக்கடியிலும் மெல்ல ஊறி, ஒன்றையொன்று தேடிக்கொண்டு நகர்ந்து, அவர் நெஞ்சுக்கு நேரே வந்து சேர்ந்தது.

"பாப்பா, தோ பாரு, வருது" என்று அக்கா குரல் கொடுத்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வந்தவர்கள் முதுகு காட்டிக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அவர்கள் போன பிறகு கண்ணாடிக்காரர் அவளிடம் சொன்னார். நானே சொல்லியிருக்க வேண்டும், அதற்கும் அவர் முந்திக்கொண்டார். அவள் சந்துக்குள் போய், டார்ச் அடித்து, நான் பற்ற வைத்ததை எல்லாம் பார்த்துவிட்டு வந்தாள். புடவையில் ஒட்டடை ஒட்டியிருந்தது. என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பாய்."

"ஈரமா இருந்துச்சும்மா. பயந்துட்டேன்."

"யாருக்கு என்ன ஆயிடும்னு?"

"தொடறவங்களுக்கு."

அவள் புடவையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். பிறகு, "தொட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகல பாய்" என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. தவளக்குப்பத்துக் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் அது என்னை நானே மன்னித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் போய் மீதிக் கம்பியையும் அறுத்தெடுத்தேன். சுவர் பழையபடி அழகாக வேலை செய்தது. கண்ணாடிக்காரர் அதைப் போனில் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. நல்ல முயற்சி, வாழ்த்துகள், வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று. ஜூன் முதல் வாரத்தில் சுவரைப் பிரித்தோம். தகடுகளை முசியேவின் மாடியில் மூட்டையாகக் கட்டி வைத்தோம். அவள் சென்னைக்குப் போனாள்.

கூலி பாக்கியைப் பற்றி நான் பேசவில்லை. அவள்தான் முதல் மாதம் போனில் ஆயிரம் ரூபாய் அனுப்பினாள். நான் உடனே கூப்பிட்டேன்.

"வேணாம்மா. இத அனுப்பாத. எனக்குத் தூக்கம் வராது."

"வேலை செஞ்சீங்கல்ல பாய். அது வேற, இது வேற."

"நீ எப்படி இருக்க?"

"இருக்கேன். நுரை வரையறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

திருப்பி அனுப்பிப் பார்த்தேன். மறுநாளே அது திரும்பி வந்தது. வீட்டுக்காரி, வர்ற காச வேணாங்கறீங்க, வராத கரன்ட்டுக்குப் பயப்படறீங்க, உங்களோட என்ன பண்றது என்கிறாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், பணம் வந்ததாகப் போன் ஒரு தடவை மணியடிக்கும். கூட ஒரு வரிகூட இருக்காது. அதைப் பார்த்தால் ஒரு வேளைச் சோறு இறங்காது. வராவிட்டால் அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று அதற்கும் பயந்து உட்கார்ந்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

பேசிய கூலி இருபத்திரண்டாயிரம். முன்பணமாக வாங்கியது எட்டாயிரம். மாதம் ஆயிரமாக இதுவரை வந்தது ஐந்தாயிரம். இன்னும் வர வேண்டிய பாக்கி ஒன்பதாயிரம் ரூபாய்.